பன்னிரண்டு பேரின் வம்சம்

கடற்கன்னி என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று ஏழு மாதம் சண்டை நடந்தது. இல்லாத ஒரு பிறவிக்காக இத்தனை பேர் இத்தனை நாள் மல்லுக்கு நின்றதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. கடைசியில் தமயந்தி ஜெயித்தாள்.

அது ஒரு கற்பனை ஆவணப்படம். மனிதர்களில் ஒரு கூட்டம் கரையேறாமல் கடலிலேயே தங்கிவிட்டிருந்தால் என்னவாகியிருப்பார்கள் என்பதை, நிஜமாகவே நடந்ததுபோல், கம்பீரமான பின்னணிக் குரலோடு சொல்லும் படம். ஒளிபரப்பப்போகிற நிறுவனத்தில் பிரதிநிதித்துவக் குழு என்று ஒன்று உண்டு. திரையில் வரும் முகங்களை ஓர் இயந்திரத்துக்குக் காட்டி, திரையில் அதிகம் வராத நிறங்களுக்கு இடம் கிடைத்திருக்கிறதா என்று மதிப்பெண் போடுவார்கள். நூற்றுக்கு எண்பது வராத படம் போன வேகத்தில் திரும்பி வந்துவிடும். ஐந்து கடல்களுக்கு ஐந்து கடற்கன்னிகள், ஐந்து நிறங்கள் என்று அந்தக் குழு கடிதம் அனுப்பியிருந்தது. தயாரிப்பாளர் ஜோதிராமன் காரியவாதி. ஒரே உடம்பைச் செய்து ஐந்து சாயத்தில் முக்கி எடுத்தால் போதாதா என்றார். அந்த ஒரே உடம்பையும் தயாராகச் செய்து வைத்திருந்தார். சோப்பு விளம்பரத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணை இடுப்போடு வெட்டி மீன்வாலில் ஒட்டிய மாதிரி இருந்தது அது.

தமயந்தி அந்தப் படத்தின் உருவ வடிவமைப்பாளர். முப்பத்தெட்டு வயது, நல்ல கறுப்பு. ஆறாம் வகுப்பு ஆண்டு விழாவில் கடற்கன்னி வேஷம் கேட்டதற்கு அவளைப் பாறையாக உட்கார வைத்தார்கள். சாம்பல் நிறப் போர்வைக்குள் முக்கால் மணி நேரம் குனிந்திருந்தாள். அவள் முதுகின்மேல்தான் கடற்கன்னி ஏறி உட்கார்ந்து பாடினாள். இதையெல்லாம் ஒரு கூட்டத்தில் சொல்ல முடியுமா? அதனால் விஞ்ஞானம் பேசினாள்.

“வருஷம் முழுக்க வெயில்லயும் உப்புத்தண்ணிலயும் கிடக்கிறவ எப்படி சார் பால் மாதிரி இருப்பா? நாம சாயம் பூச வேண்டாம். வளர்த்துப் பார்ப்போம். என்ன வருதோ அதைக் காட்டுவோம்.”

வளர்ப்பதற்குப் படக்குழுவின் நிரலாளன் இம்தியாஸ் ஒரு கணினி நிரல் எழுதி வைத்திருந்தான். அதன் பெயர் வம்சம். நிஜ மனிதர்களின் உடம்பை அளந்து உள்ளே கொடுத்துவிட்டால், அவர்கள் பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள் என்று ஆயிரக்கணக்கான தலைமுறைகளை அது ஓட்டிக் காட்டும். யாருடைய உடம்பைக் கொடுப்பது என்பதில் தமயந்திக்குச் சந்தேகமே இல்லை. மன்னார் வளைகுடாக் கரையில் சங்குவலசை என்று ஓர் ஊர். அங்கே பெண்கள் மூச்சடக்கி மூழ்கி, பாறைகளில் வளரும் கடற்பாசியைப் பறித்து வருகிறார்கள். அவர்களில் பன்னிரண்டு பேரைப் படக்குழு அளந்துகொண்டு வந்தது. நுரையீரல், ரத்தம், செவிப்பறை, விரல், நாடித்துடிப்பு என்று ஒன்றையும் விடவில்லை.

ஆறாயிரம் தலைமுறை ஓடி முடிந்தபோது திரையில் வந்தவளைப் பார்த்துத் தமயந்தி அழுதுவிட்டாள். குட்டையான கழுத்து. பீப்பாய் போன்ற மார்புக்கூடு. ஒட்ட வெட்டியதுபோல் முடி. தொடையிலிருந்து பாதம்வரை இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்திருக்கும் தடித்த தோல். எண்ணெய் தேய்த்த கருங்கல் மாதிரி மினுமினுக்கும் கறுப்பு. அந்த மூக்கையும் தாடையையும் பார்த்தால் எந்தக் கரையிலிருந்து புறப்பட்ட வம்சம் என்று யாரும் சொல்லிவிடலாம். குழுவின் இயந்திரம் எண்பத்து மூன்று கொடுத்தது. ஜோதிராமன்கூட எழுந்து நின்று கைகொடுத்தார்.

ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. அளவு கொடுத்த பன்னிரண்டு பேரும் படத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் வெளியிடலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அதையும் போராடிச் சேர்த்தவள் தமயந்திதான். தன் தலையில் தானே கல்லைத் தூக்கிப் போட்டுக்கொண்டாள் என்று ஜோதிராமன் பின்னால் சொன்னார்.

சங்குவலசையில் வலை பின்னும் கூடத்தில், காலை பதினொரு மணிக்குப் படத்தைப் போட்டார்கள். அன்று கடலுக்குப் போகாத நாள். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசி எடுப்பது, மற்ற நாளில் அது வளரட்டும் என்று அந்தப் பெண்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது. பன்னிரண்டு பேரும் தலைவாரிப் பூ வைத்து வந்திருந்தார்கள். டெல்சிதான் அவர்களில் இளையவள், இருபத்தாறு வயது. கடற்கன்னி முகத்தைத் திருப்பியதும் பக்கத்தில் இருந்தவளின் தொடையைத் தட்டினாள்.

“பெரியம்மா, அங்க பாரு. என் மூக்கு.”

பெரியம்மா என்று அவள் கூப்பிட்டது பிரகாசியை. ஐம்பத்திரண்டு வயது. இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காதை ஒலிபெருக்கிப் பக்கம் திருப்பி, திரையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிப் படத்தில், செவிப்பறையைப் பெரிதாகக் காட்டும் இடத்தில், பின்னணிக் குரல் சொன்னது: “தலைமுறை தலைமுறையாக ஆழத்தின் அழுத்தம் அவர்களது செவிப்பறையைத் தடிமனாக்கியது. இயற்கை அவர்களுக்கு ஒரு கவசத்தைப் பரிசளித்தது.”

பிரகாசி கையை உயர்த்தினாள். “அத இன்னொருக்கா போடுங்க.”

போட்டார்கள். மூன்று முறை கேட்டாள்.

“கவசம்னு எதச் சொல்லுறாக? என் காதயா?”

“உங்க காதுலேருந்துதான்மா ஆரம்பிச்சுது,” என்றாள் தமயந்தி, பெருமையாகவே. “உங்க பன்னிரண்டு பேருக்குமே செவிப்பறை மத்தவங்களைவிட ரெண்டு மடங்கு தடிமன். அதை எடுத்துக்கிட்டு வம்சம் மேல மேல வளர்த்திருக்கு.”

“தாயி, அது கவசம் இல்ல. உள்ள போகப் போக செவி கிழியும். சீழ் புடிக்கும். ஆறுறதுக்குள்ள மறுபடி எறங்குவோம், மறுபடி கிழியும். ஒரே எடத்துல நாப்பது தடவ தச்ச சட்ட மாதிரி தடிச்சுப் போயிக் கெடக்கு. புண்ணு ஆறுன தழும்பு அது. அதப் போயி எயற்கை குடுத்துச்சுங்கிறீக.”

பிரகாசி அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு வழி சொல்வதுபோல் சொன்னாள்.

“மாசத்துக்கு ஒரு நாளாச்சும் காது டாக்டரு எங்க கரைக்கு வரணும்னு மூணு வருசமா மனுக் குடுக்குறோம். அடுத்த மாசந்தான் கூப்புட்டு விசாரிக்கப் போறாக. இந்த நேரம் பாத்து இப்பிடிப் படம் வந்துச்சுன்னா என்ன சொல்லுவாக? ஒங்களுக்குத்தான் பொறவியிலயே கவசம் இருக்கே, டாக்டரு எதுக்குன்னு திருப்பி அனுப்பிருவாக.”

தமயந்திக்குச் சுருக்கென்றது. அதைவிட வெட்கமான விஷயம், முதலில் அவள் மனசில் ஓடியது இவர்கள் காது இல்லை. கையெழுத்துக் கிடைக்காவிட்டால் தன் கடற்கன்னி போய்விடுவாளே என்பதுதான்.

“அந்த வரியை எடுத்துடறோம்மா.”

“வரிய எடுத்தா? காது அந்தப் புள்ளைக்கு அப்பிடியேதான இருக்கும்.” பிரகாசி திரையில் உறைந்து நின்ற கடற்கன்னியைக் காட்டினாள். “இவ எப்பிடித்தான் வந்தா? எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க.”

இம்தியாஸ் முன்னால் வந்து குந்தினான். “கொஞ்சம் கொஞ்சமா மாறும்மா. கடலைத் தாங்குற உடம்புக்குப் பிள்ளைங்க நிறையப் பொறக்கும். அந்தப் பிள்ளைங்கள்லயும் நல்லாத் தாங்குறது தங்கும். அப்படியே போகப் போக எல்லாருமே தாங்குற உடம்பா ஆயிடுவாங்க.”

“தாங்காத ஒடம்பு?”

“அதோட வம்சம் அங்கயே நின்னுடும்.”

“செத்துருமுன்னு சொல்லு தம்பி.”

“ஆமாம்மா.”

“இவ வர்றதுக்குள்ள அப்பிடி எம்புட்டுப் பேரு?”

ஏழு மாதத்தில் அந்தக் கேள்வி அவர்கள் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

“எண்ணிட்டு வாங்க,” என்றாள் பிரகாசி. “பெழச்சவள மட்டும் காட்டுறீக. மத்தவளுகளும் எங்க புள்ளைகதான?”

சென்னைக்குத் திரும்பியதும் ஜோதிராமன் தெளிவாகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வராவிட்டால் தன்னுடைய பழைய கடற்கன்னிக்கு ஐந்து சாயம் பூசி அனுப்பிவிடுவார். அவளுக்கு யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. தமயந்தி நேராக இம்தியாஸின் அறைக்குப் போனாள். அவன் எண்ணிக்கொண்டிருந்தான். நேற்றுவரை கலகலப்பாக இருந்தவன், வந்தவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“முதல் ஆயிரம் தலைமுறைல பத்துப் பெண் குழந்தைக்கு நாலு பேர் அம்மா ஆகிறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. மொத்தம் பதினேழு லட்சத்துச் சொச்சம். தமயந்தி, இதைப் பாருங்க. இதுதான் எனக்குப் பிடிக்கலை.”

அவன் காட்டியது முதல் தலைமுறையின் பட்டியல். அதில் கற்பனைக்கே இடமில்லை. அளந்துகொண்டு வந்த அந்தப் பன்னிரண்டு பேர்தான் முதல் தலைமுறை. ஐந்து எண்களுக்கு எதிரே வம்சம் நின்றது என்று குறித்திருந்தது. ஒன்பதாம் எண்: வயது இருபத்தொன்பது. நீருக்கடியில். தலைச்சுற்றல், திசை தெரியாமல் போதல். ஒன்பதாம் எண் டெல்சி.

“அவளுக்கு இப்ப இருபத்தாறு,” என்றாள் தமயந்தி.

“ஜோசியம் இல்ல இது. அந்தக் காது, அந்தக் கடல், அந்த வேலை. மூணையும் போட்டா வர்ற விடை.”

என் மூக்கு என்று பக்கத்தில் இருந்தவளின் தொடையைத் தட்டியவள். அந்த மூக்கு அவள் வழியாக வந்ததுகூட இல்லை. அவள் செத்தால்தான் அந்த அழகான கறுப்புக் கடற்கன்னி வருவாள் என்று கணக்குச் சொல்கிறது. படம் எப்படியும் போகட்டும், இதைப் போய்ச் சொல்லாமல் இருக்க முடியாது என்று அன்றைக்கே இருவரும் ரயில் ஏறினார்கள்.

மறுநாள் காலை பிரகாசியைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் தமயந்தி சொல்ல நினைத்தாள். பிரகாசி ஒத்துக்கொள்ளவில்லை. மற்ற பதினொரு பேரையும் வலைக்கூடத்துக்கு வரச்சொன்னாள்.

“சொல்லு தாயி. அவ அவ சங்கதி அவ அவளுக்குத் தெரிய வேணாமா?”

தமயந்தி பதினேழு லட்சத்தைச் சொன்னாள். சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பிறகு முதல் தலைமுறையில் ஐந்து பேர் என்று சொல்லித் தாளைப் பிரித்தாள்.

“இரு, நானே சொல்லுறேன்,” என்று பிரகாசி விரலை மடக்கினாள். “டெல்சி. ஜெனோவா. காளியம்மா. ராக்கு. இந்தா இருக்காளே, வியாகுலம்.”

ஐந்தும் சரியாக இருந்தது. இம்தியாஸ் தாளை வாங்கி இன்னொரு முறை பார்த்தான்.

“எப்படிம்மா தெரியும்?”

“இதுக்கு மிசினு வேணுமாக்கும். மேல வந்ததும் எவளுக்குக் கண்ணு சொழலும், எவ மேலுக்கு வர்றதா நெனச்சுக் கீழுக்குப் போவான்னு தெரியாமயா நாங்க சோடி போடுறோம்?”

“சோடின்னா?”

டெல்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன்னுடைய சாவைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தவர்கள்முன் அப்படிச் சிரிக்க அவளால்தான் முடியும்.

“எனக்கு ரெண்டு வருசமாவே சொழட்டுதுக்கா. ஏழெட்டுத் தடவ பெரியம்மா என் முடியப் புடிச்சு மேல தூக்கியிருக்காக. நாங்க ஒத்தையில எறங்க மாட்டோம். ஒருத்தி கீழ போனா ஒருத்தி மேல நின்னு பாத்துக்கிட்டே இருக்கணும். அவ வந்து மூச்சு விட்ட பெறகுதான் இவ போகணும். திராணி உள்ளவளுக்கும் இல்லாதவளுக்குமாத்தான் சோடி.”

“எங்க பதிவுல அப்படி எதுவுமே இல்லையே,” என்றான் இம்தியாஸ்.

“எப்பிடி இருக்கும்? ஒருத்தி அளவு இன்னொருத்தி அளவோட கலக்கக் கூடாதுன்னு ஒங்க ஆளுகதான எங்களப் பிரிச்சு ஒத்த ஒத்தையா எறக்குனாக. நாங்க சொன்னோம், கேக்கல. பெரியம்மாவ வத்தைல ஒக்கார வச்சுட்டாக. பாவம், அன்னைக்கு முழுக்க படகுக்கு வெளிய தலைய நீட்டிக்கிட்டே இருந்தாக.”

தமயந்தி இம்தியாஸைப் பார்த்தாள். பன்னிரண்டு பேரையும் தனித்தனியாகக் கடலில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். அவர்களுடைய மகள்களையும் பேத்திகளையும் தனித்தனியாக. ஆறாயிரம் தலைமுறைக்கு ஒருத்திக்குப் பக்கத்தில் இன்னொருத்தி இல்லை.

“சோடியைப் போட முடியுமா, இம்தியாஸ்?”

“இருபது வரிதான்.”

அங்கேயே மடிக்கணினியைத் திறந்து எழுதினான். சென்னையிலிருக்கும் இயந்திரம் நாற்பது நிமிஷம் கேட்டது. பெண்கள் சும்மா இருக்கவில்லை. மறுநாள் கடலுக்குப் போகிற நாள்; பாறை கிழிக்காமல் விரலில் சுற்றிக்கொள்ளப் பழைய சேலையைக் கிழித்து நாடா நாடாவாக உருட்டிக்கொண்டிருந்தார்கள். தமயந்தியும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். யாரோ தேநீர் கொண்டுவந்தார்கள். ஜோதிராமன் இரண்டு முறை அழைத்தார், அவள் எடுக்கவில்லை.

இம்தியாஸ், “வந்துடுச்சு,” என்றான். கணினியை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தான்.

ஆறாயிரமாவது தலைமுறை. பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் இரண்டு கால். ஒருத்தி பனைமரம் மாதிரி உயரம், ஒருத்தி குள்ளம். ஒருத்தி கன்னங்கரேலென்று இருந்தாள், ஒருத்தி புளியங்கொட்டை நிறம், ஒருத்திக்கு முகத்தில் பாதி வெண்படை. ஒருத்தி கால் சற்று வளைந்திருந்தது. ஒருத்திக்குப் பின்னல் முழங்கால்வரை வந்தது. மூக்குகளில் மட்டும் ஏழு வகை இருந்தன. அவர்களுக்குக் கீழே வம்சம் தன் வழக்கமான முடிவுரையை எழுதியிருந்தது: “ஆறாயிரம் தலைமுறைகள் நிறைவு. புதிய இனம் எதுவும் உருவாகவில்லை.”

“ஏன், என்னாச்சு?” என்று பிரகாசி கேட்டாள்.

“யாரையும் கழிக்கலைம்மா. கழிச்சாத்தான் உடம்பு மாறும். நீங்க ஒருத்தியை ஒருத்தி தூக்கி விட்டுட்டே இருந்தா மாறவே மாறாது.”

ஏழு மாதமாகத் தமயந்தி நிறத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். படத்துக்காக வளர்த்த கடற்கன்னிகள் எல்லோருக்கும் ஒரே கழுத்து, ஒரே மார்பு, ஒரே முகம் இருந்தது; குடும்பச் சாயல் என்று நினைத்து அதையும் ரசித்திருக்கிறாள். மற்ற சாயல்களெல்லாம் பதினேழு லட்சம் பேரோடு தண்ணீருக்குள் போயிருக்கின்றன. எண்பத்து மூன்று மதிப்பெண் போட்ட இயந்திரத்தைக் குறை சொல்ல அவளுக்கு யோக்கியதை இல்லை.

“நல்லாத்தான இருக்காளுக,” என்றாள் பிரகாசி. பிறகு எதையோ யோசித்தவள்போல் விரலை ஆட்டினாள். “சோடி இருக்கு, அதனால டாக்டரு வேணாம்னு படத்துல எழுதிப்புடாதீக. எனக்கு இந்தக் காதும் மந்தமாத்தான் வருது. நானும் இன்னும் எம்புட்டு நாளைக்கு மேல நின்னு பாப்பேன்? அந்த அஞ்சு பேரு பட்டியல என்ன சீக்குன்னு வெவரமா ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. மனுவோட வச்சுக் குடுக்கணும்.”

இம்தியாஸ் அப்போதே எழுத உட்கார்ந்தான். தடிமன் என்று இருந்த இடத்திலெல்லாம் காயம் என்று மாற்றினான்.

பிரகாசி ஒப்புதல் தாளைக் கையில் எடுத்தாள். “ஒனக்கு அந்தப் புள்ள மேல ஆசைன்னு எனக்குத் தெரியும். மொத நாளே ஒன் மூஞ்சியப் பாத்தேன். எங்களக் கறுப்பா அழகா இதுவரைக்கும் எவன் காட்டியிருக்கான்? நீ கேட்டா இவளுக எல்லாம் போட்ருவாளுக, நானும் போட்டுருவேன். எந்தப் படத்துக்குப் போடணும்? நீயே சொல்லு.”

தமயந்தி தன் கைப்பேசியில் அந்த முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். அழகாகத்தான் இருந்தாள். அவளை இழப்பது வலித்தது, பெற்ற பிள்ளையைக் கொடுப்பதுபோலவே வலித்தது, பொய் சொல்வதற்கில்லை. வெள்ளிக்கிழமை ஜோதிராமன் தன் சோப்பு விளம்பரப் பெண்ணை அனுப்பினாலும் அனுப்புவார். ஆனால் தன் பெயரில் போகிற படத்தின் கடைசிப் பத்து நிமிஷத்தில் இரண்டு கால்களோடு இந்தப் பன்னிரண்டு பேர்தான் நிற்பார்கள். மடிக்கணினியைக் காட்டி, “இவங்களுக்குப் போடுங்கம்மா,” என்றாள். டெல்சிதான் முதலில் பேனாவை வாங்கினாள்.

கைப்பேசி மூன்றாவது முறையாக அடித்தது. அவள் கூடத்துக்கு வெளியே வந்து எடுத்தாள்.

“கையெழுத்து வந்துச்சா?” என்றார் ஜோதிராமன்.

“வந்துடுச்சு சார். ஆனா கடற்கன்னி பொறக்கலை.”

“பொறக்கலையா? ஏம்மா, என்ன ஆச்சு?”

“யாரும் சாகலை சார்,” என்றாள் தமயந்தி.